மகன் கொண்டு வரும் டிரில் மெஷின்



கொஸ்லந்தைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் இப்படிக் கேட்டிருக்கிறார்: "கட்டாரில் இருக்கும் மகன் இவ்வருடம் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வருகிறான். இனித் திரும்பிப் போகமாட்டானாம். பண்டாரவளையில் ஒரு பாஸோடு சேர்ந்து கதவு, ஜன்னல், அலுமாரி வேலை செய்யப் போகிறானாம். வயர் இல்லாத டிரில் மெஷின் ஒன்று வாங்கி வரட்டுமா, எந்தக் கம்பெனி நல்லது என்று போனில் கேட்கிறான். ஒன்றுக்கும் மற்றதுக்கும் மூன்று மடங்கு விலை வித்தியாசமாம். எனக்கு என்ன தெரியும்? நீங்கள் எழுதுங்கள்."

இந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது. வெளிநாட்டில் சம்பாதித்த காசில் கடைசியாக மிஞ்சியதை ஒரு கருவியில் போட்டு, அந்தக் கருவியை நம்பி ஊரிலேயே பிழைக்க ஒரு பிள்ளை முடிவு செய்திருக்கிறான். கருவி ஆறு மாதத்தில் படுத்துவிட்டால் அவன் மறுபடியும் ஏஜென்சிக்காரனின் படியேறத்தான் வேண்டும். ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மீரியபெத்த என்ற பெயரை நாடு முழுவதும் கேட்டது 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில். ஹல்துமுல்லைப் பிரதேச செயலாளர் பிரிவில், கொஸ்லந்தைக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. தப்பியவர்கள் மாக்கல்தெனியவில் இருந்த தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் நெடுநாள் தங்கியிருந்து, 2016 அக்டோபரில்தான் பூனாகலைத் தோட்டத்தில் கட்டிய 75 தனி வீடுகளுக்குக் குடிபோனார்கள். லயத்துச் சுவர் தோட்டத்தின் சுவர்; அதில் ஓர் ஆணி அடிப்பதற்கும் யோசிக்க வேண்டியிருந்தது. அடித்தாலும், கருங்கல்லும் சுண்ணாம்பும் கலந்த அந்தச் சுவரில் ஆணி வளையும், இல்லாவிட்டால் காரை பெயர்ந்து விழும். தனி வீடு என்று வந்த பிறகு நிலைமை வேறு. திரைச்சீலைக் கம்பி, தட்டு, கண்ணாடி, தண்ணீர்க் குழாய்க்குப் பிடி, கதவுக்குக் கொண்டி, கூரை ஓரத்தில் பீலி என்று ஒவ்வொன்றுக்கும் துளை வேண்டும். ஊவாவின் தோட்டங்களில் புது வீடு எழும் இடமெல்லாம் இந்த வேலைகளுக்கு ஆள் தேடுகிறார்கள். அந்த மகன் வெறுங்கனவு காணவில்லை.

விலையை நான் இங்கே ரூபாவில் எழுதப் போவதில்லை. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியதைப் பார்த்தவர்கள் நாம். இன்று எழுதும் விலை இதழ் உங்கள் கைக்கு வரும்போதே பழசாகிவிடும். அதற்குப் பதிலாக விலையை நாட்சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபா என்றும், 2024இல் 1,350 ரூபா என்றும் வர்த்தமானியில் வந்தது. இன்று உங்கள் வீட்டுக்கு ஒரு நாளைக்கு என்ன வருகிறதோ அதை வைத்து, "இந்த மெஷின் எத்தனை நாள் கொழுந்து?" என்று கேட்டுக்கொண்டால், கடைக்காரர் சொல்லும் 'சும்மா கொஞ்சம்தான் கூட' என்ற வார்த்தையின் கனம் தெரிந்துவிடும்.

இனி மெஷினுக்கு வருவோம். மின்சாரத்தில் ஓடும் கைத்துளைக் கருவியை 1895இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஃபைன் என்ற கம்பெனி செய்தது. இன்று நாம் பிடிக்கிற துப்பாக்கிப் பிடியும் விசையும் உள்ள வடிவம் அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனியுடையது. 1917இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். அதே கம்பெனிதான் 1961இல் வயர் இல்லாத முதல் டிரில்லையும் விற்பனைக்குக் கொண்டு வந்தது. சந்திரனுக்குப் போவதற்காகத்தான் வயர் இல்லாத டிரில்லைக் கண்டுபிடித்தார்கள் என்று சிலர் சொல்வார்கள், அது சரியில்லை. சந்திர மண்ணில் துளை போட ஒரு பெட்டரி டிரில் 1971இல் அப்போலோ 15உடன் போனது உண்மை. (அங்கேயும் அது மண்ணில் இறுகி, விண்வெளி வீரர்களைப் படாதபாடு படுத்தியதாம்!) ஜப்பானின் மகிட்டா 1978இல் 7.2 வோல்ட் மெஷின் ஒன்றைக் கொண்டு வந்தது. அந்தக் காலத்து நிக்கல்-காட்மியம் பெட்டரிகள் கனமானவை, சீக்கிரம் சோர்ந்துவிடுபவை. 2005ஐ ஒட்டி லித்தியம் பெட்டரி வந்த பிறகுதான் வயர் இல்லாத மெஷின் நாள் முழுதும் வேலை செய்யும் ஆளுக்கு உதவுகிற பொருளானது.

இந்தச் சரித்திரத்தைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மோட்டாரும் பல்சக்கரமும் நூறு வருடப் பழக்கம் உள்ள சாமான்கள். ஓரளவு நல்ல கம்பெனி எதுவும் அவற்றைச் சரியாகவே செய்யும். நீங்கள் காசு கொடுத்து வாங்குவது உண்மையில் பெட்டரியைத்தான். மெஷின் எட்டு, பத்து வருடம் இருக்கும். பெட்டரி சில நூறு தடவை சார்ஜ் ஏறி இறங்கியதும் களைத்துப் போகும். அன்றாடம் வேலை செய்கிறவருக்கு இரண்டு மூன்று வருடத்தில் இன்னொன்று வேண்டும். அப்போது அந்தப் பெட்டரி பண்டாரவளையிலோ பதுளையிலோ கிடைக்குமா? கிடைத்தால் என்ன விலை? கம்பெனிகளை ஒப்பிடும்போது முதற்கேள்வி இதுதான். பெரும்பாலோர் இதைக் கடைசியாகக்கூடக் கேட்பதில்லை.

பெட்டரியில் எழுதியிருப்பதை வாசிக்கப் பழகிக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவை சிறிய உருளைகள். 18 மில்லிமீட்டர் பருமன், 65 மில்லிமீட்டர் நீளம். ஒவ்வொன்றும் 3.6 வோல்ட். ஐந்தை வரிசையாகக் கோர்த்தால் 18 வோல்ட். புதிதாக சார்ஜ் ஏறிய கணத்தில் ஒவ்வொன்றும் 4.2 வரை நிற்கும்; ஐந்துக்கும் சேர்த்து 21. ஆகவே ஒரு கம்பெனி 18 என்றும், இன்னொன்று 20 என்றும், வேறொன்று 21 என்றும் எழுதுவது ஒரே பொருளைத்தான். டிவோல்ட் கம்பெனி அமெரிக்காவில் 20 என்று விற்கிற அதே வகையை ஐரோப்பாவில் 18 என்று விற்கிறது! 12 வோல்ட் என்று வருவதும் மூன்று செல் உள்ள 10.8 வோல்ட்தான். இதில் ஏமாற்று இல்லை, வியாபாரப் பேச்சு மட்டுமே. ஆனால் பெயர் தெரியாத சில மெஷின்களில் 48, 88, 98 என்று எண்ணைப் போட்டுப் பக்கத்தில் 'வி.எஃப்.' என்று இரண்டு எழுத்து ஒட்டியிருப்பார்களே, அந்த எழுத்துக்கு ஓர் அர்த்தமும் கிடையாது. திறந்து பார்த்தால் அதே ஐந்து செல்.

அடுத்தது ஆம்பியர்-அவர். வோல்ட் வேகத்தையும் பலத்தையும் சொல்லும். ஆம்பியர்-அவர் எவ்வளவு நேரம் ஓடும் என்பதைச் சொல்லும். 2 என்றால் ஒரு வரிசை, ஐந்து செல். 4, 5, 6 என்றால் பெரும்பாலும் இரண்டு வரிசை, பத்து செல். (21 மில்லிமீட்டர் பருமனுள்ள புதிய செல்களும் வந்திருக்கின்றன, அவற்றில் ஐந்தை வைத்தே 4 எட்டலாம்.) போலிப் பெட்டரி செய்கிறவர்கள் விளையாடுவது இங்கேதான். மகிட்டாவின் பெயரைப் போட்டு, பத்து செல்லுக்குரிய பெரிய கூட்டுக்குள் ஐந்தே செல்லை வைத்து, மேலே 6 என்று அச்சடித்து விற்கிறார்கள்.

அதைக் கண்டுபிடிக்கத் தராசு போதும். செல் ஒன்று ஏறக்குறைய 45 கிராம். பத்து செல்லும் கூடும் சேர்ந்தால் 600 கிராமைத் தாண்டும். கையில் எடுத்ததும் 'இதென்ன இவ்வளவு லேசு' என்று தோன்றினால், பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். காலமெல்லாம் கொழுந்து நிறுத்து, தராசுக்காரனின் விரலையே பார்த்துக்கொண்டிருந்த ஊரில் நிறுவையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அளவிலும் நிறுவையிலும் குறைப்போரைப் பற்றி மார்க்கம் எவ்வளவு கடுமையாகச் சொல்லியிருக்கிறது என்பதை, இந்தப் பெட்டரிகளைத் தெரிந்தே அடுக்கி வைத்து விற்கும் நம் வியாபாரச் சகோதரர்களும் ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

சரி, கம்பெனிகள். மகிட்டாவுக்கு ஒரு பெரிய பலம்: 2005ஐ ஒட்டி அது தொடங்கிய 18 வோல்ட் எல்.எக்ஸ்.டி. வரிசை இன்னும் நடக்கிறது. பதினைந்து வருடத்துக்கு முன் வாங்கிய மெஷினுக்கு இன்று வாங்கும் பெட்டரி பொருந்தும். டிரில், கிரைண்டர், வாள், ஊதி என்று நூற்றுக்கணக்கான கருவிகள் அந்த ஒரே பெட்டரியில் ஓடுகின்றன. ஊரில் ஏற்கெனவே நாலு பாஸ்மாரிடம் அதே பெட்டரி இருந்தால், அவசரத்துக்கு ஒன்று இரவல் வாங்கலாம் என்பதும் சின்ன விஷயமில்லை. டி.எச்.பி. 482 என்ற மொடல் நடுத்தரத்தில் நல்லது. 62 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை உடையது. முறுக்குவிசை என்பது ஸ்குருவைத் திருகும் பலம். டர்பன்டைன் பலகையில் நீள ஸ்குரு ஏற்றும்போது அதன் அருமை தெரியும். சபுக்கு மரத்துக்கு இதில் பாதியே போதும். ஒன்றைக் கவனியுங்கள்: மகிட்டாவிலேயே விலை குறைந்த 'ஜி' வரிசை என்று வேறொரு 18 வோல்ட் உண்டு. அதன் பெட்டரி எல்.எக்ஸ்.டி.யில் ஏறாது. புதிதாக வந்த 40 வோல்ட்டும் அப்படியே. மகன் அங்கே கடையில் வாங்கும்போது பெட்டரியைக் கழற்றிப் பார்த்து எல்.எக்ஸ்.டி. என்ற எழுத்து இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளட்டும். மொடல் எண்ணின் முடிவில் 'இசட்' என்ற எழுத்து நின்றால் பெட்டிக்குள் வெறும் உடல்தான், பெட்டரியும் சார்ஜரும் இருக்காது. 'மலிவாகக் கிடைத்தது' என்று சொல்கிறவர்களில் பலருக்கு வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்த பிறகுதான் இது தெரிகிறது.

போஷ் ஜெர்மன் கம்பெனி. நீல நிறம் தொழில் செய்வோருக்கு, பச்சை நிறம் வீட்டுப் பாவனைக்கு. 18 வோல்ட்டில் நீலத்தின் பெட்டரி பச்சைக்குப் பொருந்தாது. ஜி.எஸ்.பி. 180 என்ற நீல மெஷின் 54 நியூட்டன் மீட்டர், கைக்கு அடக்கமானது. என்னைக் கேட்டால் தொழில் செய்யப் போகும் பிள்ளைக்கு மகிட்டாவும் நீலப் போஷும் ஒரே தட்டில்தான் நிற்கின்றன. இரண்டில் எதற்கு உங்கள் ஊருக்கு அருகில் உதிரிப்பாகமும் பழுது பார்க்கும் ஆளும் இருக்கிறார்களோ அதை எடுங்கள். கடைக்குப் போய் விலை கேட்பதற்கு முன், பழுதுபார்க்கும் கடைக்குப் போய் "உங்களிடம் எது அதிகம் வருகிறது, வந்தால் எதற்குச் சாமான் கிடைக்கிறது?" என்று கேட்டு வாருங்கள். அவருக்குத் தெரிந்தது எந்த விளம்பரத்துக்கும் தெரியாது.

டிவோல்ட் பலசாலி. அதன் டி.சி.டி. 996 மெஷின் 95 நியூட்டன் மீட்டர் என்று எழுதப்பட்டது. பக்கக் கைப்பிடி இல்லாமல் பிடித்தால், பிட் இறுகும் சமயம் மணிக்கட்டையே திருப்பிவிடும். டிவோல்ட், பிளாக் அண்ட் டெக்கர், ஸ்டான்லி மூன்றும் 2010 முதல் ஒரே கம்பெனியின் பிள்ளைகள். அதற்காக மூன்றும் ஒரே தரம் என்று எண்ணிவிட வேண்டாம். டிவோல்ட் தொழிலுக்கு, மற்றவை பெரும்பாலும் வீட்டுக்கு. மில்வாக்கி அமெரிக்கப் பெயர்; 2005 முதல் ஹொங்கொங்கின் டி.டி.ஐ. கம்பெனிக்குச் சொந்தம். பொருள் முதல் தரம். ஆனால் மலையகத்தில் அதன் பெட்டரியைத் தேடி அலைவதற்குப் பொறுமை வேண்டும். ஹிட்டாச்சி என்று வாப்பாமார் பாவித்தது 2018 முதல் ஹைகோகி என்ற பெயரில் வருகிறது. பெயர் மாறியதால் போலி என்று நினைத்து விட்டுவிட வேண்டாம்.

இங்கோ, டோட்டல் இரண்டும் சீனத்திலிருந்து வருபவை. நம் ஹார்ட்வெயர் கடைகளில் மஞ்சளும் பச்சையுமாக அடுக்கி வைத்திருப்பவை. இவற்றைக் குறைத்துப் பேசுவது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. நான் அப்படிச் சொல்லமாட்டேன். விலைக்குத் தகுந்த, நேர்மையான சாமான். பெட்டரி ஊரிலேயே வாங்கலாம் என்பது பெரிய வசதி. மாதத்துக்குப் பத்துத் துளை போடும் வீட்டுக்கு இதற்கு மேல் செலவழிப்பது வீண். தினமும் நூறு ஸ்குரு ஏற்றுகிறவரின் கையில் இதன் விசையும் பிட்டைக் கவ்வும் தலையும் சீக்கிரம் தளர்ந்துவிடும், அவ்வளவுதான்.

மகிட்டாவில் 'சீனாவில் செய்தது' என்று இருந்தால் பயப்படவும் வேண்டாம். குன்ஷான் நகரில் அந்தக் கம்பெனிக்கே சொந்தத் தொழிற்சாலை இருக்கிறது. போஷுக்கு மலேசியாவின் பினாங்கில் இருப்பது போல.

பெட்டரிக்கு அடுத்தபடியாக எது கெடும்? விரலால் அமுக்கும் விசை. அதற்கடுத்து மோட்டாரின் கார்பன். பழைய முறை மோட்டாரில் இரண்டு சிறு கார்பன் கட்டிகள் தேய்ந்து தேய்ந்து தீரும். தீர்ந்தால் சொற்பக் காசில் மாற்றலாம். கார்பன் இல்லாத புதுவகை மோட்டார் பெட்டரியைச் சிக்கனமாகக் குடிக்கும், சூடு குறைவு, ஆயுளும் கூட. எனவே கடைக்காரர்கள் அதையே தள்ளுவார்கள். ஆனால் அதற்குள் ஒரு மின்பலகை உண்டு. அது போனால் நம் ஊரில் பெரும்பாலும் முழு மெஷினும் போனது போலத்தான். புதிய பலகையின் விலை மெஷினின் விலையை நெருங்கும். ஏஜென்ட் கடைக்குப் பஸ்ஸேறிப் போய் இரண்டு நாள் சம்பளத்தை இழக்க வேண்டிய இடத்தில் இருப்பவருக்குக் கார்பன் உள்ள, பழுது பார்க்கக்கூடிய மெஷினே மேல் என்பது என் அபிப்பிராயம். கொழும்பில் இருப்பவர் வேறு விதமாகச் சொல்லலாம்.

சுத்தியல் அடி உள்ள டிரில்லைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. சுத்தியல் படம் போட்ட இடத்துக்குத் திருப்பினால் எந்தச் சுவரையும் துளைக்கும் என்று நினைக்கிறார்கள். சீமெந்துப் புளொக் கல்லில் 6 மில்லிமீட்டர் துளைக்கு அது தாராளம். சில புளொக் கற்கள் பொருபொருவென்று இருக்கும். அவற்றில் சுத்தியல் அடி இல்லாமலே போடுங்கள், இல்லாவிட்டால் துளை அகன்று பிளக் பிடிக்காது. ஆனால் கொங்கிறீட் லின்டலிலும் லயத்துக் கருங்கல்லிலும் இந்த மெஷினை வைத்து முழு உடம்பாலும் அழுத்துவதுதான் அதைக் கொல்லும் வழி. அந்த வேலைக்கு எஸ்.டி.எஸ். பிட் போடும் ரோட்டரி ஹெமர் என்று தனி மெஷின் உண்டு. வயர் உள்ள ஒன்றை நாள் வாடகைக்கு எடுத்தால் போதும்.

வயர் என்றதும் ஞாபகம் வருகிறது. தொழில் செய்யாத, வீட்டுக்கு மட்டும் வேண்டும் என்கிற குடும்பங்களே! வயர் உள்ள சாதாரண டிரில்லைப் பற்றி யோசித்தீர்களா? நல்ல கம்பெனியின் வயர் டிரில், அதே கம்பெனியின் பெட்டரி டிரில்லைவிட மிகக் குறைந்த விலைக்கு வரும். பெட்டரி இல்லாததால் வருடக்கணக்கில் பெட்டியில் கிடந்தாலும் எடுத்த அன்று ஓடும். மரத்தில் ஏறிக் கூரைத் தகடு பூட்டுகிறவருக்கும், மின்சாரம் இன்னும் இழுக்காத புது வீட்டில் வேலை செய்கிறவருக்கும்தான் வயர் இல்லாதது அவசியம். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோதும், 2025 நவம்பரில் டிட்வா புயலில் பதுளை மாவட்டம் சிதைந்து கிடந்தபோதும், சார்ஜ் ஏற்றிய பெட்டரி வைத்திருந்தவரின் வேலை நிற்கவில்லை என்பதையும் நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது தொழிலாளியின் தேவை. சமையலறைத் தட்டு இரண்டு மாட்டுவதற்கு மூன்று வாரச் சம்பளம் வேண்டாம். அடுத்தடுத்த நாலு வீடு சேர்ந்து ஒரு வயர் டிரில் வாங்கி வைத்துக்கொள்வதில் என்ன தடை? உரலையும் உலக்கையையும் அப்படித்தானே பாவித்தோம்.

இடையில் ஒரு முக்கியமான விஷயம். அந்த மகன் செய்யப் போவது கதவு, ஜன்னல் வேலை. மழைக்காலத்தில், "கதவு இறுகுகிறது, வந்து சீவிவிடு" என்று கூப்பிடுவார்கள். மரம் ஈரத்தில் ஊதுவது வழக்கம்தான். ஆனால் ஊவாவின் சரிவுகளில் கதவு இறுகுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். நிலம் நகர்ந்தால் நிலை கோணும், சுவரிலும் தரையிலும் வெடிப்பு ஓடும், மரங்களும் மின்கம்பங்களும் சாயும், இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பும் அல்லது இருந்த ஊற்று நின்றுபோகும், தெளிந்த நீர் கலங்கி வரும். கதவைச் சீவுவதற்கு முன் சுவரைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்க்கட்டும். வெடிப்பு புதிதாக இருந்தால், அல்லது போன மாதத்தைவிட அகன்றிருந்தால், அதில் சீமெந்து பூசி, தகடு வைத்து, ஸ்குரு முடுக்கிக் காசு வாங்கிக்கொண்டு வரக்கூடாது. கிராம சேவகருக்குச் சொல்ல வேண்டும். 117 என்ற இலக்கத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் சொல்லலாம். மீரியபெத்தவில் மலை சரியும் ஆபத்து உண்டு என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2014க்கு முன்பே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. மக்கள் லயத்திலேயே இருந்தார்கள்.

பெட்டரியை வைத்துக் காப்பாற்றும் முறை கடினமானதல்ல. பழைய நிக்கல் பெட்டரிகளை முழுவதும் இறக்கித்தான் சார்ஜ் போட வேண்டும் என்று சொல்லித் தந்தார்கள். லித்தியத்துக்கு அது கூடாது. வேகம் குறைவதை உணர்ந்ததும் நிறுத்தி ஏற்றுங்கள். வேலை முடிந்து சூடாக இருக்கும் பெட்டரியை உடனே சார்ஜரில் செருக வேண்டாம்; கால் மணி நேரம் ஆறட்டும். சில மாதங்கள் பாவிக்காமல் வைப்பதானால் பாதி சார்ஜில் வையுங்கள். வெயில் படும் ஜன்னலோரமும் அடுப்பங்கரையும் ஆகாது. அக்டோபர், நவம்பரில் மாலையில் இடி மின்னல் அதிகம். இடி கேட்டதும் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். பூனாகலைப் பக்கத்து மூடுபனிக்கு மெஷினின் தலைப்பகுதி துருப்பிடிக்கும். வாரத்துக்கு ஒரு துளி எண்ணெய் போதும்.

இனி, மகனுக்குச் சொல்ல வேண்டியவை. வளைகுடாவில் வாங்கினால் விலை நயமாக இருக்கலாம். ஆனால் வாங்கிய நாட்டின் உத்தரவாதம் பொதுவாக அந்த நாட்டோடு நின்றுவிடும். இங்கே ஏஜென்டிடம் முத்திரை குத்திய அட்டையோடு வாங்கினால் கூடுதலாகக் கொடுக்கும் காசு அந்த உத்தரவாதத்துக்குத்தான். இரண்டையும் நிறுத்துப் பார்த்து அவனே முடிவு செய்யட்டும். சார்ஜரின் அடியில் 220–240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது முக்கியமாக, ஜப்பானில் பாவித்து இங்கே விற்பனைக்கு வரும் மெஷின்களை வாங்குகிறவர்களுக்கு: அந்த நாட்டு மின்சாரம் 100 வோல்ட்; அந்தச் சார்ஜரை நம் சுவரில் செருகினால் புகை வரும்.

விமானத்தில் டிரில் உடலையும் பிட்களையும் கைப்பைக்குள் விடமாட்டார்கள். அவற்றைப் பெரிய பெட்டியில் போட வேண்டும். கழற்றிய லித்தியம் பெட்டரியோ அதற்கு நேர்மாறு: பெரிய பெட்டியில் போடக்கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும். உலோக முனைகளை டேப்பால் ஒட்டியோ, தனித்தனிப் பையில் போட்டோ கொண்டு வரட்டும். அளவு வொட்-அவரில் கணக்கு. வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்கினால் வரும். 18 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் என்றால் 90. நூறுக்குள் இருப்பதால் பொதுவாக அனுமதி கேட்கத் தேவையில்லை. 6 ஆம்பியர்-அவர் என்றால் 108. நூறைத் தாண்டி 160 வரை விமானக் கம்பெனியிடம் முன்கூட்டியே அனுமதி பெற்று இரண்டு மட்டும் கொண்டு வரலாம். ஆகவே 5 ஆம்பியர்-அவரில் இரண்டு பெட்டரி வாங்கி வரச் சொல்லுங்கள், தாயே. ஒன்று வேலையில் இருக்கும்போது மற்றது சார்ஜரில் இருக்கும்.